சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் நம் சபைகளும்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, நாங்குநேரி, வள்ளியூர், சுரண்டை பக்கத்துச் சபைகளில் பெற்றோரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் ஐயர்மாரும் (சபைப் போதகர்களும்) கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சிறப்பாசிரியராக வேலை பார்ப்பவள். எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பில்) ஞாயிறு பள்ளியிலும் கற்றுக்கொடுக்கிறேன். அதனால் பதில்களில் வேதமும் வரும், மருத்துவமும் வரும், சட்டமும் வரும். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தால் வீட்டுக்குள் இருக்கிற அந்தப் பிள்ளைக்கு எதுவும் முழுசாகப் போய்ச் சேருவதில்லை.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளை என்று யாரைச் சொல்கிறீர்கள்?

வழக்கமான வகுப்பில் வழக்கமான முறையில் சொல்லிக்கொடுத்தால் கற்க முடியாமல், கூடுதல் உதவி வேண்டியிருக்கிற எந்தப் பிள்ளையையும். பார்வை, செவித்திறன், கைகால் அசைவு ஆகியவற்றில் குறை இருந்தால் ஊர் உடனே கண்டுகொள்கிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் பற்றியும் இப்போது ஓரளவு தெரிந்திருக்கிறது. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைதான் யார் கண்ணுக்கும் படாமல் அடி வாங்குகிறது. நன்றாகப் பேசும், கிரிக்கெட் ஆடும், கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வரும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்து கூடி வராது. அதைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு.

எங்கள் பிள்ளை இப்படிப் பிறந்தது நாங்கள் செய்த பாவத்தினாலா?

இல்லை. இந்தக் கேள்வியை நேரடியாக இயேசுவிடமே கேட்டிருக்கிறார்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் கண்டதும் சீஷர்கள் கேட்பது, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்றுதான். இரண்டும் இல்லை என்று அவர் சொல்லிவிடுகிறார். அவ்வளவு தெளிவான பதில் இருந்தும், பிள்ளையைப் பார்க்க வருகிற உறவினர்கள் இன்றைக்கும் சீஷர்களின் கேள்வியோடுதான் வருகிறார்கள். "யார் விட்ட சாபமோ" என்று ஒரு ஆச்சி பெருமூச்சு விடுவார். அந்த ஒரு வார்த்தை ஒரு தாயைப் பல வருஷம் கோவில் (நம் தேவாலய) வாசலுக்கே வரவிடாமல் செய்துவிடும். ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தாலே போதும்.

காரணம் என்று கேட்டால் பல இருக்கின்றன. பிரசவத்தின்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைவது, குறைமாதப் பிறப்பு, கர்ப்ப காலத்தில் ரூபெல்லா தொற்று, பிறந்த பிறகு வரும் மூளைக்காய்ச்சல், கடுமையான மஞ்சள் காமாலை, மரபணு மாற்றங்கள் இப்படி. பல பிள்ளைகளுக்குக் காரணமே தெரியாமலும் போகும். நம் பக்கம் தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்வது வழக்கம். பெற்றோர் இருவரும் ஒரே மரபணுக் குறையைச் சுமந்திருக்கும் வாய்ப்பு அதில் கூடுவதால், பிறவிச் செவித்திறன் குறைவு முதலான சில குறைபாடுகளின் ஆபத்து உயர்கிறது. நடந்த திருமணத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அடுத்த பிள்ளைக்கு முன்பு மரபணு ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம், வீட்டில் அடுத்த கல்யாணம் பேசும்போது யோசிக்கலாம்.

ஜெபித்தால் சுகமாகாதா? தெரபிக்குக் கூட்டிக்கொண்டு போவது அவிசுவாசம் என்கிறார்களே?

ஜெபிப்பதை நிறுத்துங்கள் என்று எந்தப் பெற்றோரிடமும் நான் சொன்னதில்லை. நானும் அந்தப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறவள்தான். ஆனால் ஜெபத்தைக் காட்டிப் பயிற்சியைத் தள்ளிப்போடும்போது பிள்ளையின் வயதுதான் வீணாகிறது. மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில வருஷங்களில். அந்தக் காலத்தில் கிடைக்கிற பிசியோதெரபிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் இருக்கிற பலன் பத்து வயதில் தொடங்கினால் அதே அளவுக்கு இருக்காது. கன்வென்ஷன் கன்வென்ஷனாக, அதாவது சுகமளிக்கும் ஜெபக் கூட்டம் ஒவ்வொன்றாக, ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்துவிட்டு, ஏழு வயதில் முதல்முறையாக எங்களிடம் வரும் பெற்றோரைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அவர்கள் மேல் கோபமில்லை. "விசுவாசம் போதவில்லை" என்று சொல்லி அனுப்பியவர்கள் மேல்தான் கோபம்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். காது கேளாத, பேச்சும் சரியாக வராத ஒருவனைக் கொண்டு வருகிறார்கள். இயேசு அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போகிறார். காதில் விரல் வைக்கிறார், நாவைத் தொடுகிறார். காது கேளாதவனுக்குப் புரிகிற மொழியில், தொட்டுத்தான் அவனோடு பேசியிருக்கிறார். மேடையில் ஏற்றி மைக்கைப் பிடித்துக் காட்சிப்பொருளாக்குவதற்கு அங்கே இடமே இல்லை. பிள்ளையை மேடைக்குக் கொண்டு வரச் சொல்கிற கூட்டம் என்றால் போகாதீர்கள் என்பதே என் ஆலோசனை.

வலிப்பு வருகிற பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தவே கூடாது. வலிப்பு மூளையில் ஏற்படும் மின் கோளாறு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிரே போகலாம். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லிப் படிப்படியாகச் செய்ய வேண்டியவை. உபவாச ஜெபத்துக்குப் பிள்ளையையும் பட்டினி போடாதீர்கள். சாப்பிடாமலும் தூங்காமலும் இருந்தால் வலிப்பு கூடும்.

வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ 108க்குக் கூப்பிடுங்கள். இதை ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

"ஆம்பிளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்கிறார்கள். எவ்வளவு காலம் பொறுக்கலாம்?

பொறுக்க வேண்டாம். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றரை வயதில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டது என்றால் உடனே காட்டுங்கள். முதலில் காது கேட்கிறதா என்ற பரிசோதனை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், சிறு வயதிலேயே குறைபாட்டைக் கண்டறிந்து பயிற்சி தரும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற அரசு மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து இந்த மையங்களுக்கு அனுப்புவது அவர்கள் வேலை.

காது கேளாத குழந்தைக்கு இதில் இன்னொரு அவசரம் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்க உதவும் கருவியை உள்ளே பொருத்தும்) அறுவை சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். ஏழாவது வயதில் போய்க் கேட்டுப் பிரயோஜனமில்லை.

நம் பக்கத்தில் இந்த ஊழியம் எப்போது தொடங்கியது?

தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பாளையங்கோட்டையைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெருமையைப் பேசும்போது கல்லூரிகள்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு முதலில் நினைவு வருவது 1890இல் ஆன் ஜேன் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி. அதே பத்தாண்டில் ஃபுளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் காது கேளாதோருக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் பெயரிலேயே அது இன்றும் நடக்கிறது. பார்வையில்லாத பிள்ளைக்குப் பிச்சைப் பாத்திரம்தான் கதி என்று ஊர் முடிவு கட்டியிருந்த காலம் அது. அந்தப் பெண்கள் சோறு போடுவதோடு நின்றிருந்தாலே மக்கள் புகழ்ந்திருப்பார்கள். ஆனால் எழுத்தைக் கொடுத்தார்கள், கைத்தொழிலைக் கொடுத்தார்கள், அதற்கான ஆசிரியர்களையும் பழக்கினார்கள். இரக்கத்துக்குப் பயிற்சியும் வேண்டும் என்பதை 130 வருஷத்துக்கு முன்பே இந்த ஊரில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது. இந்துக் கோவில்களுக்குத் தேவதாசிகளாக விடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் அங்கே வீடு கொடுத்தார். 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் இறக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கியிருந்தார். அவரைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் முதல் பாதிதான் வருகிறது. பிறர் உதவியில்லாமல் நடமாட முடியாத அந்தக் கிட்டத்தட்ட இருபது வருஷங்களையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமம் கிராமமாகப் போய்ச் சிறு குழந்தைகளின் குறைபாட்டைக் கண்டறிந்து பயிற்சி கொடுப்பதில் பெரிய வேலை செய்கிறது. அவரே கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அது கிறிஸ்தவ அமைப்பு இல்லை. "நம்ம ஆட்கள் நடத்துவதா?" என்று விசாரித்துவிட்டுத் தயங்குகிற பெற்றோர் லூக்கா 10ஐ நினைத்துப் பார்க்கட்டும், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போனவன் அவனுடைய ஆள் இல்லை, சமாரியன்.

சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதா, பக்கத்துப் பள்ளியிலா?

பிள்ளையைப் பார்க்காமல் பொதுவாகச் சொல்ல முடியாது. சட்டம் இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளை 6 வயது முதல் 18 வயது வரை, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். படுக்கையை விட்டு எழ முடியாத அளவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் வீட்டிலேயே கல்வி பெறவும் உரிமை உண்டு. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவார்கள்.

என் அனுபவத்தில் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியே சரி. லேசான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் ஆட்டிசம் உள்ள பலரும் துணை இருந்தால் அங்கே நன்றாகவே பழகிவிடுகிறார்கள். காது கேளாத பிள்ளையின் விஷயம் வேறு. சைகை மொழி தெரிந்த ஒருவரும் இல்லாத வகுப்பில் அது நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கும். தன்னைப் போன்ற பிள்ளைகளோடு கைகளால் பேசிச் சிரித்துச் சண்டை போட்டு வளர்கிற இடம் அதற்கு வேண்டும்.

ஹாஸ்டலில் சேர்ப்பதானால் ஒன்று கவனியுங்கள். பிள்ளைக்கு நல்லது என்பதற்காகச் சேர்க்கிறோமா, மூத்தவளின் கல்யாணப் பேச்சு முடியும் வரை வீட்டில் தெரியாமல் இருக்கட்டும் என்று சேர்க்கிறோமா? இரண்டாவது என்றால் வேண்டாம்.

கிறிஸ்தவப் பள்ளியிலேயே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?

இந்தப் புகாரைக் கேட்கும்போது வெட்கமாக இருக்கிறது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டித்தான் சிலர் கதவை மூடுகிறார்கள். ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் எல்லாம் பாகுபாடில்லாமல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைச் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்கிறது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரிடமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் மனு கொடுங்கள்.

தாளாளர்களுக்கும் பள்ளிக் கமிட்டியில் இருக்கும் சபையாருக்கும் ஒரு வார்த்தை. லூக்கா 14இல் விருந்துக்கு ஏழைகளையும் ஊனரையும் பார்வையற்றோரையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறது என்று நாம் எல்லாருமே பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ரிசல்ட் விழுக்காடு குறையும் என்பதற்காக ஒரு பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, பிரார்த்தனைக் கூடத்தில் அந்த வசனத்தை வாசிக்க முடியாது.

பொதுத்தேர்வில் என்ன சலுகை உண்டு?

கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று குறைபாட்டுக்கு ஏற்ப உண்டு. மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தொடங்கியதுமே பேசுங்கள். ஹால் டிக்கெட் வருகிற சமயத்தில் ஓடினால் நடக்காது.

ஆராதனையில் சத்தம் போடுகிறான், எழுந்து ஓடுகிறான். கோவிலுக்குக் கூட்டி வரலாமா?

கண்டிப்பாகக் கூட்டி வாருங்கள். சபை செய்ய வேண்டியவை சில உண்டு. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு ஒலியும் வெளிச்சமும் நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்காகத் தெரியும். ஸ்பீக்கருக்குப் பக்கத்து இடத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளை அலறுகிறது என்றால் குறை பிள்ளையிடம் இல்லை. வாசலுக்கு அருகே, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, எளிதில் வெளியே போய் வர முடிகிற ஓர் இடத்தை அந்தக் குடும்பத்துக்கென்று விட்டுவையுங்கள். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு (கோவில் அர்ப்பணிக்கப்பட்ட நாளின் விழாவுக்கு) வெடி போடுவதாக இருந்தால் அந்த வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

திரும்பிப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். பிள்ளை சத்தம் போட்டதும் இருநூறு தலை ஒன்றாகத் திரும்பினால், அந்தத் தாய் அடுத்த ஞாயிறு வரமாட்டாள். இதை ஐயர் ஒருமுறை பிரசங்க பீடத்திலிருந்தே, பெயர் குறிப்பிடாமல் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நம் பழைய கோவில்களுக்கு உயரமான படிகள். சக்கர நாற்காலியை நான்கு பேர் தூக்கி ஏற்றுவதை அன்பு என்று நினைக்கிறோம். தூக்கப்படுகிற பையனுக்குப் பதினைந்து வயது; அவனுக்கு அது வாராவாரம் ஒரு கூச்சம். மாற்கு 2இல் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நாலு பேர், வழியில்லை என்றதும் கூரையையே பிரித்தார்கள். நாம் ஒரு சாய்தளம் கட்டலாம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில், பக்கத்தில் கைப்பிடியோடு. கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கிற செலவுகூட ஆகாது.

ஞாயிறு பள்ளியில் இப்படிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தனி அறையில் தனி வகுப்பு வேண்டாம். முடிந்தவரை எல்லாரோடும் உட்காரட்டும். பக்கத்தில் ஒரு பெரிய பிள்ளையைத் துணையாக வையுங்கள், மாதாமாதம் ஆளை மாற்றாதீர்கள். இன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பதைப் படங்களாக வரிசையாக ஒட்டி வையுங்கள்: பாட்டு, கதை, படம் வரைதல், மிட்டாய், வீடு. அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் பிள்ளையின் பதற்றம் குறையும். கதையைச் சுருக்குங்கள், பொருளைக் கையில் கொடுங்கள். ஐந்து அப்பம் இரண்டு மீன் கதைக்கு உண்மையான ஒரு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தால், எனக்குத் தெரிந்து ஒரு பிள்ளையும் அதை மறப்பதில்லை.

மனப்பாட வசனப் போட்டிதான் நம் ஞாயிறு பள்ளிகளின் பெரிய ஆசை. பேச்சு வராத பிள்ளை அந்த வசனத்தைச் சைகையில் காட்டட்டும், அல்லது படத்தைச் சரியாக எடுத்துக் கொடுக்கட்டும். அதற்கும் அதே பரிசைக் கொடுங்கள். கிறிஸ்மஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேஷம் மட்டுமே அவர்களுக்கு என்று வைக்காதீர்கள்.

ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருவிருந்து இவர்களுக்கு உண்டா?

ஞானஸ்நானத்துக்கு எந்தத் தடையும் இல்லை. கைக்குழந்தைக்கே கொடுக்கிறோம், அந்தக் குழந்தை என்ன புரிந்துகொண்டது என்று யாரும் கேட்பதில்லை. மற்றவற்றுக்கு, அதாவது வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்கிற திடப்படுத்தலுக்கும் அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்துக்கும், உங்கள் ஐயரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுங்கள். இயேசப்பா நேசிக்கிறார் என்பதும், இது வீட்டுச் சாப்பாடு இல்லை என்பதும் ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால் போதும் என்பது என் மனதில் இருப்பது. தயாரிப்பு வகுப்பை எளிமையாக, நீண்ட காலத்துக்கு நடத்த ஐயர்மார் முன்வர வேண்டும்.

தாவீது ராஜாவின் பந்தியில் மேவிபோசேத் உட்கார்ந்த கதை 2 சாமுவேல் 9இல் இருக்கிறது. இரண்டு காலும் முடமானவன். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து முடமானான். லோதேபாரில் மறைந்து கிடந்தவனை வரவழைத்து, ஒருநாள் விருந்தோடு அனுப்பிவிடாமல், தன் மகன்களில் ஒருவனைப் போல நித்தமும் பந்தியில் வைத்துக்கொண்டார் தாவீது.

பிறந்தநாளுக்கு ஒரு காப்பகத்தில் சாப்பாடு போட விரும்புகிறோம். நல்லதுதானே?

மனசு நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் டிசம்பர் மாதமும் மூன்று பிரியாணி வரும். ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொரு குடும்பமும் கேக் வெட்டும், முன்பின் தெரியாத பிள்ளைகள் வரிசையாக நின்று கை தட்ட வேண்டும், நன்றி சொல்லிப் பாட வேண்டும், பிறகு குரூப் போட்டோ. அந்தப் போட்டோ அன்று இரவே பத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். உங்கள் மகளின் முகத்தை இப்படி முன்பின் தெரியாதவர்கள் படம் எடுத்துப் பகிர்ந்தால் ஒத்துக்கொள்வீர்களா?

அதே பணத்தை வேறு விதமாகச் செலவிடலாம். ஒரு பிள்ளையின் காது மெஷினுக்கு வருஷம் முழுக்க பேட்டரி. ஹைகிரவுண்டுக்குத் தெரபிக்கு வந்துபோக ஒரு தாயின் பஸ் செலவு. ஒரு சிறப்பாசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கான டயாப்பர், கடுமையான குறைபாடுள்ள பிள்ளையின் வீட்டில் அரிசிக்கு அடுத்த பெரிய செலவு அதுதான். அதைக் காணிக்கையாகக் கொடுத்த ஒரு பெண்கள் சங்கத்தை எனக்குத் தெரியும். போட்டோவுக்கு அழகாக இருக்காது, ஆனால் அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரியது என்று தாய்மாரைக் கேட்டால் தெரியும்.

அசனப் பண்டிகைக்கு ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது நம் சபைகளின் அழகு. அந்தப் பந்திக்கு இந்தக் குடும்பங்களைக் கூப்பிடுங்கள். எல்லாம் முடிந்தபின் மிஞ்சியதைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புவதை அன்னதானம் என்று சொல்ல வேண்டாம்.

பர்திமேயு கூப்பிட்டபோது இயேசு முதலில் கேட்டது, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று. பார்வையில்லாதவனுக்கு என்ன வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் கேட்டார். நாமும் கொடுப்பதற்கு முன்பு கேட்போம்.

சபையிலும் விடுதியிலும் இந்தப் பிள்ளைகளின் பாதுகாப்பை எப்படி உறுதி செய்வது?

இதைப் பேசச் சபைகள் தயங்குகின்றன. பேசாமல் இருப்பதுதான் தவறு செய்கிறவனுக்கு வசதி. சொல்லத் தெரியாத பிள்ளை, சொன்னாலும் நம்பப்படாத பிள்ளை, குளிக்கவும் உடை மாற்றவும் பிறரை நம்பியிருக்கிற பிள்ளை என்றால் ஆபத்து அதிகம்.

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. ஊழியர், பெரிய குடும்பத்தவர், வெளிநாட்டு விருந்தாளி யாராக இருந்தாலும் இதில் விலக்கில்லை. கழிப்பறை உதவிக்கு யார் என்பதைப் பெற்றோரிடம் பேசி முடிவு செய்யுங்கள். உடலின் எந்த இடத்தை யாரும் தொடக் கூடாது என்பதைப் படம் வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அது புரியாது என்பது பொய். திடீரென்று ஒருவரைக் கண்டு மிரள்வது, படுக்கையை நனைப்பது, தன்னையே கடித்துக்கொள்வது போன்ற மாற்றங்களை "அவன் குணமே அப்படி" என்று தள்ளாதீர்கள்.

சந்தேகம் வந்தால் சேகர கமிட்டியில் வைத்துப் பேசி முடிப்பதற்கு இடமே கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும்; மறைத்தால் அதுவும் குற்றம். பிள்ளையின் குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்த குற்றத்துக்குத் தண்டனை கூடுதல். பேச்சு வராத பிள்ளையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யச் சிறப்பாசிரியரின் உதவியைப் பெற முடியும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம்.

பெற்றோருக்கு, முக்கியமாகத் தாய்க்கு, சபை என்ன செய்யலாம்?

பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காலால் பிள்ளை உட்கார்ந்திருக்கிற நாற்காலி சாயாமல் அணைத்துப் பிடித்தபடி இலை சுருட்டுகிற தாய்மாரைத் தென்காசிப் பக்கம் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தேவைப்படுவது வாரத்தில் இரண்டு மணி நேரம். யாராவது வந்து பிள்ளையோடு இருந்தால் அவள் குளித்துவிட்டுக் கொஞ்சம் தூங்குவாள், இல்லையென்றால் பேங்க் வேலையை முடித்துவிட்டு வருவாள். முதல் சில வாரம் அவள் இருக்கும்போதே போய்ப் பிள்ளையோடு பழகுங்கள். எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது என்று அவளிடமே கற்றுக்கொள்ளுங்கள். தொடங்கினால் விடாதீர்கள். மூன்று வாரம் வந்துவிட்டு நின்றுபோவதைவிட வராமலே இருந்திருக்கலாம்.

கூடப்பிறந்த பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) சமயத்தில் அந்த அக்காவோ தம்பியோ ஒரு பத்து நாள் கவலையில்லாமல் ஆடிப்பாட விடுங்கள். அப்பாக்கள் பெரும்பாலும் பேசமாட்டார்கள். கோவில் வேலை எதிலாவது சேர்த்துக்கொண்டு கூடவே நின்றால், ஒரு நாள் தானாகப் பேசுவார்கள்.

என்னென்ன அட்டை, உதவித்தொகை வாங்க வேண்டும்?

முதலில் தனித்துவ அடையாள அட்டை. ஆன்லைனில் விண்ணப்பித்து, அரசு மருத்துவர்களின் பரிசோதனைக்குப் பிறகு கிடைக்கும். எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். அறிவுசார் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். தெரபிக்கும் அதில் பணம் கேட்கலாம். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேர் சபையில் இருந்தால், மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லேப்டாப்போடு உட்காரட்டும். அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?

எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்து, செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகுதான் பெற்றோர் இதைக் கேட்கிறார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை. அதை நான் நம்புகிறேன், ஆனாலும் கர்த்தர் யாரைக் கொண்டு பார்ப்பார் என்பதை உட்கார்ந்து பேச வேண்டியவர்கள் நாம்.

18 வயது ஆனதும் சட்டப்படி பிள்ளை வயதுவந்தவர். பெற்றோர் தானாகவே பாதுகாவலர் என்ற நிலை முடிந்துவிடும். நிராமயா காப்பீட்டுக்குச் சொன்ன நான்கு வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழு அதைச் செய்யும். பேங்க் கணக்கு, சொத்து என்று பல காரியத்துக்கு இந்த ஆணை தேவைப்படும். பிள்ளையின் பெயரில் எதையாவது எழுதிவைக்க நினைத்தால் வக்கீலைப் பார்த்து முறையாக உயிலோ அறக்கட்டளையோ செய்யுங்கள். "அண்ணன் பார்த்துக்குவான்" என்று வாய்வார்த்தையில் விட்டால் அண்ணனுக்கும் சங்கடம், வருகிற மருமகளுக்கும் சங்கடம். அவர்களையும் சேர்த்து வைத்துப் பேசுங்கள், முடியாது என்று சொன்னால் கோபப்படாதீர்கள்.

பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்தே தானாகச் சாப்பிட, குளிக்க, துணி மாற்ற, வேண்டும் வேண்டாம் என்று சொல்லப் பழக்குங்கள். பின்னால் யார் பார்த்துக்கொண்டாலும் அவர்களுக்குச் சுமை குறையும், பிள்ளைக்கும் மரியாதை இருக்கும். பிள்ளைக்குப் பிடித்தது, பிடிக்காதது, மாத்திரை, பயம், தூங்க வைக்கும் முறை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். சேகரங்கள் சில சேர்ந்து, காலி கிடக்கும் பழைய மிஷன் வீடு ஒன்றைப் பெரியவர்களான மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து வாழ்கிற இல்லமாக மாற்ற முடியுமா என்று டயோசீஸில் (திருமண்டலத்தில்) கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குக் காத்திருக்காமல், மெட்ராஸிலும் துபாயிலும் இருக்கிற அண்ணன் அக்காமார் எல்லாரும் ஊரில் கூடுகிற கிறிஸ்மஸ் விடுமுறையில் இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். பாதுகாவலர் விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.